மாங்கொட்டை வண்டி

"இந்த மாதிரி ஒண்ணு செஞ்சு தருவீங்களா?"

பாவாயி போனை நீட்டினாள். படத்தில் ஒரு கார். காருக்குப் பின்னால் கட்டிய சின்ன வண்டி. முன்பக்கம் உருண்டு, பின்பக்கம் சரிந்து, பாதி மாங்கொட்டை போல இருந்தது. உள்ளே ஒரு ஆள் படுக்கலாம். பின்கதவைத் தூக்கினால் அடுப்பு வைக்க இடம்.

சகாயமேரி படத்தைப் பார்த்தாள். போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"மாட்டேங்க."

சங்ககிரியில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகளில் பெண் மேஸ்திரி அவள் ஒருத்திதான். வயது முப்பத்தாறு. சேலைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை. பேச்சு குறைவு.

பாவாயிக்கு அறுபத்தொன்று. அரசு ஆஸ்பத்திரியில் முப்பத்து நான்கு வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். கணவர் இல்லை. மகன் வீட்டு மாடி அறையில் இருந்தாள்.

"ஏன் மாட்டீங்க?"

"படுக்கப் போறது நீங்க. நீங்களே செய்யுங்க. நான் பக்கத்துல இருக்கேன்."

"எனக்கு ஒரு ஆணி அடிக்கத் தெரியாதே."

"ஊசி போடத் தெரியுமில்ல?"

"தெரியும்."

"முதல் ஊசி யாருக்குப் போட்டீங்க?"

பாவாயி யோசித்தாள்.

"ஒரு போலீஸ்காரருக்கு. எனக்குக் கை நடுங்குச்சு. அவருக்கும் நடுங்குச்சு."

"நாளைக்கு வாங்க," என்றாள் சகாயமேரி.

*

மறுநாள் பட்டறைத் தரையைப் பெருக்கி வைத்திருந்தாள்.

"படுங்கம்மா."

"இங்கயா?"

"இங்கதான்."

பாவாயி சிமென்ட் தரையில் படுத்தாள். கால்களைச் சேர்த்து வைத்தாள். கைகள் உடம்போடு ஒட்டியிருந்தன.

"பொணம் மாதிரி இருக்கு. தூங்கற மாதிரி படுங்க."

பாவாயி ஒருக்களித்தாள். முழங்காலை மடக்கினாள். சுவர் ஓரமாக நகர்ந்தாள்.

சாக்பீஸோடு குனிந்த சகாயமேரி நிமிர்ந்தாள்.

"ஏன் ஓரத்துக்குப் போறீங்க?"

"பழக்கம். சின்ன வயசுல அஞ்சு பேர் ஒரே பாயில. அப்புறம் புருஷன், பையன். டூட்டி ரூம்ல ரெண்டு பேருக்கு ஒரு கட்டில்."

"இதுல வேற யாரு படுக்கப் போறாங்க?"

பாவாயி தலையை மட்டும் திருப்பினாள். தகரக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு மல்லாந்தாள். ஒரு கையை நீட்டினாள். மறு கையையும் நீட்டினாள். கால்களை அகட்டினாள்.

பக்கத்துப் பட்டறையில் வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார். பாவாயி கையை மடக்கவில்லை.

சகாயமேரி அவளைச் சுற்றிக் கோடு போட்டாள்.

"எழுந்திருங்க. இதான் அளவு."

*

பாவாயி தினமும் காலை ஒன்பது மணிக்கு வந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போன அதே நேரம்.

இரும்புச் சட்டத்தை சகாயமேரி பற்ற வைத்து இணைத்தாள். மற்றதெல்லாம் பாவாயி. அளந்தாள். அறுத்தாள். தப்பாக அறுத்தாள். திரும்பவும் அளந்தாள்.

ஒவ்வொரு தடவையும் கேட்டாள்.

"சரியா இருக்கா, மேஸ்திரி?"

நான்கு நாள் சகாயமேரி பொறுத்தாள். ஐந்தாம் நாள் கோணம் பார்க்கும் மூலைமட்டத்தை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

"இதுகிட்ட கேளுங்க."

பாவாயி வைத்துப் பார்த்தாள். நூலளவு இடைவெளி இருந்தது.

"சரியா இல்ல," என்றாள்.

சகாயமேரி அதற்குள் வேறு லாரிக்கு அடியில் போயிருந்தாள்.

*

கூரை வளைக்கும் நாள் வந்தது. மெல்லிய பிளைவுட் பலகை. பாவாயி ஒரு முனையைத் திருகாணியால் இறுக்கினாள். மறு முனையை மெல்ல அழுத்தினாள். பாதி வளைவில் பலகை டப்பென்று பிளந்தது.

இன்னொன்றை எடுத்தாள். அதுவும் பிளந்தது.

பாவாயி கவிழ்த்து வைத்த பெயின்ட் டப்பா மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கு வராதுங்க மேஸ்திரி. இதை ஆரம்பிச்சதே தப்பு. என் பையன் சொன்னது சரிதான்."

"என்ன சொன்னாரு?"

"வேலையத்த வேலைன்னு."

சகாயமேரி மூன்றாவது பலகையை எடுத்தாள். அதன் மேல் ஓடிய ரேகைகளை விரலால் தடவினாள். பலகையைக் குறுக்காகத் திருப்பி வைத்தாள். அழுத்தினாள். துணி மாதிரி வளைந்து போய் உட்கார்ந்தது.

"அது வேற பலகையா?"

"அதே பலகைதான்."

பாவாயி எழுந்தாள். போய் அவளுக்குப் பக்கத்தில் நின்று பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் சகாயமேரியின் மணிக்கட்டைப் பார்த்தாள். வெல்டிங் பொறி பட்ட புண். சட்டைக் கைக்குள் மறைத்து வைத்திருந்தாள். சுற்றிலும் சிவந்து, நீர் கோத்திருந்தது.

"எத்தனை நாளாச்சு?"

"அது ஒண்ணுமில்லைங்க."

"உட்காருங்க."

"வேலை இருக்கு..."

"உட்காருன்னு சொன்னேன்."

சகாயமேரி பெயின்ட் டப்பா மேல் உட்கார்ந்தாள். பாவாயி பையிலிருந்து மருந்தையும் பஞ்சையும் எடுத்தாள். வருஷக்கணக்காக அவள் பையில் அவை இல்லாத நாள் கிடையாது.

"வலிக்குதா?"

"இல்ல."

"பொய் சொன்னா ஆறாது."

சகாயமேரி உதட்டைக் கடித்தாள்.

"வலிக்குது," என்றாள்.

*

வண்டிக்கு நம்பர் வாங்க பாவாயியே அலைந்தாள். தன் காருக்குப் பின்னால் கொக்கியும் மாட்டியாயிற்று.

ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒருவர் விண்ணப்பத்தைப் புரட்டினார்.

"இதுல என்ன சரக்கு ஏத்துவீங்க?"

"என்னை," என்றாள் பாவாயி.

அவர் கண்ணாடியைக் கழற்றி ஒருமுறை பார்த்தார். பிறகு அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

*

அலுமினியத் தகடு அடித்துக்கொண்டிருந்த அன்றைக்கு மகன் வந்தான். மோகனசுந்தரம். ஜவ்வரிசி ஆலையில் மேனேஜர். பைக்கை நிறுத்தினான், இறங்காமலே பேசினான்.

"ஊர்ல என்ன பேசிக்கறாங்க தெரியுமாம்மா? மகன் சோறு போடல, கிழவி ரோட்டுக்கு வந்துட்டாங்கறாங்க."

"போடறான்னு நான் சொல்லிக்கறேன்."

"தனி ரூம் குடுத்திருக்கேன். ஏசி போட்டுக் குடுத்திருக்கேன். உனக்கு என்ன குறை?"

"ஒரு குறையும் இல்ல."

"அப்புறம் எதுக்கு இது?"

"குறை இருந்தாத்தான் கிளம்பணுமா?"

மோகன் மேஸ்திரி பக்கம் திரும்பினான்.

"நீங்களாவது நிறுத்தக் கூடாதுங்களா?"

"நான் எதையும் செய்யலைங்களே, நிறுத்தறதுக்கு," என்றாள் சகாயமேரி.

அவன் பைக்கை விட்டு இறங்கினான். குரல் தணிந்திருந்தது.

"அப்பா வெளியூர் போற வழியில பஸ்ஸுலயே இறந்து போயிட்டாரு. யாரோ ஒரு ஆள் எனக்கு போன் பண்ணிச் சொன்னான். இன்னொரு தடவை அந்த மாதிரி ஒரு போனை என்னால எடுக்க முடியாதும்மா."

பாவாயி சுத்தியலைக் கீழே வைத்தாள்.

"அது உங்கப்பா ஆசைப்பட்டு ஏறின பஸ்ஸுடா."

மோகன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"சரி. கதவுக்குத் தாழ்ப்பாளையாவது வெளியில வைங்க. பூட்டுச் சாவி ஒண்ணு என்கிட்ட இருக்கட்டும்."

சகாயமேரி ஒரு தாழ்ப்பாளை எடுத்து வந்தாள். இருவருக்கும் நடுவில் நீட்டினாள்.

"எந்தப் பக்கம் வைக்கறது?"

பாவாயி அதை வாங்கினாள். டிரில்லிங் மெஷினை மறு கையில் எடுத்தாள். வண்டிக்குள் ஏறினாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

உள்ளேயிருந்து துளை போடும் சத்தம் கேட்டது.

*

வண்டி முடிந்தது. மறுநாள் காலையில் பாவாயி மூச்சு வாங்க வந்தாள்.

"கார் சாவியை எடுத்து ஒளிச்சு வெச்சுட்டான் மேஸ்திரி. என் பேர்ல இருக்கிற கார். பதினஞ்சு வருஷமா நான் ஓட்டின கார். கேட்டா வாயே திறக்க மாட்டேங்கறான். கார் இல்லாம இந்த வண்டியை வெச்சு என்ன பண்றது? போலீஸுக்குப் போகட்டுமா? இல்ல, அவன் கால்ல விழட்டுமா?"

சகாயமேரி வண்டியின் முன்னால் போனாள். காரோடு மாட்டும் இரும்புத் தண்டு முட்டுக்கட்டை மேல் இருந்தது. கட்டையை எடுத்தாள். தண்டைத் தூக்கி பாவாயியின் கையில் கொடுத்தாள்.

பாவாயி பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தாள். பிறகு முகம் மாறியது.

"ஒரு குடம் தண்ணி கனம்தானே இருக்கு?"

"மீதியைச் சக்கரம் தாங்கிக்குது."

பாவாயி தண்டைப் பிடித்தபடியே நின்றாள்.

"உங்க வீடு எவ்வளவு தூரம்?" என்றாள் சகாயமேரி.

"ரெண்டு தெரு."

"வழியில மேடு இருக்கா?"

"இல்ல. சமதரைதான்."

சகாயமேரி வண்டிக்குப் பின்னால் போய்க் கையை வைத்தாள்.

பாவாயி சேலையைத் தூக்கிச் செருகினாள். இழுத்தாள். அசையவில்லை. இன்னொரு தடவை இழுத்தாள். சக்கரம் ஒரு சாண் உருண்டது. அப்புறம் நிற்கவில்லை.

காலை பதினோரு மணி வெயில். கடைக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். ஒரு ஆட்டோ நின்று வழி விட்டது.

"எங்கம்மா இழுத்துக்கிட்டுப் போறீங்க?" என்று ஒருவர் கேட்டார்.

"வீட்டுக்கு."

"இது என்னது?"

"இதுவும் வீடுதான்."

மகன் வீட்டு கேட்டுக்கு எதிரில், தெரு ஓரத்தில் நிறுத்தினார்கள். சக்கரத்துக்கு ஒரு பெரிய கல்லை முட்டுக் கொடுத்தார்கள். பாவாயி உள்ளே ஏறி, தாழிட்டு, படுத்துக்கொண்டாள்.

சகாயமேரி பட்டறைக்குத் திரும்பிப் போனாள்.

*

மதியச் சாப்பாட்டுக்கு வந்த மோகன் தெருவில் கூட்டத்தைப் பார்த்தான். கூட்டத்துக்கு நடுவில் வண்டியைப் பார்த்தான். கதவைத் தட்டினான்.

"அம்மா, கதவைத் திற."

"தூங்கறேன்."

"வீட்டுக்குள்ள வந்து தூங்கு."

மோகன் இன்னொரு தடவை தட்டினான்.

"எல்லாரும் பாக்கறாங்கம்மா."

"பாக்கட்டும். நான் கண்ணை மூடிட்டிருக்கேன்."

மறுநாளும் அப்படியே நடந்தது. பாவாயி வீட்டில் சமைத்தாள். எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டாள். துணி மடித்தாள். கோபமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. கை கழுவியதும் தெருவைத் தாண்டிப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் மதியம் மோகன் ஆலைக்குத் திரும்பிப் போகவில்லை. கூட்டம் அலுத்துப் போய்க் கலைந்திருந்தது. அவன் வண்டியின் நிழலில், தரையில் உட்கார்ந்தான். வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

சக்கரத்தில் காற்று பார்க்க சகாயமேரி வந்தாள். அவனைப் பார்த்தாள். மறுபக்கச் சக்கரத்துக்குப் போய்க் குனிந்தாள்.

மோகன் தகட்டில் தலையைச் சாய்த்தான்.

"அம்மா."

"ம்."

"எனக்குப் பயமா இருக்கும்மா."

உள்ளே அவள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு சின்ன ஜன்னல் திறந்தது. பாவாயியின் முகம் தெரிந்தது.

"எனக்கும்தான்டா," என்றாள்.

மோகன் நிமிர்ந்து பார்த்தான். அம்மாவுக்குப் பயமாக இருக்கும் என்று அவன் ஒரு நாளும் நினைத்ததில்லை.

"பயமா இருந்தும் போறியா?"

"ஆமா."

அவன் எழுந்து வீட்டுக்குள் போனான். பாவாயி ஜன்னலை மூடவில்லை. கேட் திறக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் கார் கிளம்பும் சத்தம்.

மோகன் காரைப் பின்னால் எடுத்து வந்து வண்டிக்கு முன்னால் நிறுத்தினான். இறங்கினான். சாவியை அம்மாவின் கையில் கொடுத்தான்.

பாவாயி இறங்கி வந்து தண்டைத் தூக்கிக் கொக்கியில் மாட்டினாள். பூட்டினாள். இழுத்துப் பார்த்தாள். மூலைமட்டத்தையும் கேட்கவில்லை, மேஸ்திரியையும் கேட்கவில்லை.

மோகன் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றான்.

"நான் இப்ப என்னங்க பண்ணணும் மேஸ்திரி?"

"அந்தக் கல்லை எடுங்க," என்றாள் சகாயமேரி.

அவன் குனிந்து கல்லை இரண்டு கைகளாலும் தூக்கினான். தெரு ஓரத்தில் கொண்டுபோய் வைத்தான். வந்து காருக்கு முன்னால் நின்றுகொண்டான். சட்டையெல்லாம் புழுதி.

கார் பார்த்து நின்ற பக்கம் தெரு முட்டுச் சந்து. எங்கே போவதானாலும் அவன் நின்ற இடத்தில்தான் காரை ஒடித்துத் திருப்ப வேண்டும்.

"எங்க போறேன்னு நான் கேக்கலம்மா. எப்பத் திரும்புவே? அதை மட்டும் சொல்லிட்டுப் போ."

பாவாயி மேஸ்திரியைத் தேடினாள். சகாயமேரி பட்டறையைப் பார்த்து நடந்துகொண்டிருந்தாள்.

பாவாயி காரைக் கிளப்பினாள். ஜன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டினாள்.

"தள்ளி நில்லு, கண்ணு. முதல்ல வண்டி திரும்பட்டும்."