கணக்கில் அழித்த மணல்

எரியும் சூடத்தை உள்ளங்கையில் ஏந்திச் சொல்லச் சொன்னாலும் சொல்வேன்: இதில் ஒரு சொல்கூட என் சரக்கு இல்லை. நம்பாதவர் எழுந்து போகலாம்.

“மேடம், என் மேலேருந்து மணல் கொட்டுது” என்றான் தணிகாசலம்.

எண்ணெய் எடுக்கப் பூமிக்கடியில் பாறையைத் தண்ணீரின் அழுத்தத்தால் பிளப்பார்கள். பிளவு மூடிக்கொள்ளாதிருக்கத் தண்ணீரோடு மணலும் போகும். அது பிளவின் வாயிலேயே அடைத்துக்கொண்டால் அழுத்தம் மேலே திரும்பும். குழாய் வெடிக்கும். பக்கத்தில் நிற்பவன் தப்பமாட்டான்.

மணல் எங்கே போய் உட்காரும் என்று கணினியில் கணக்குப் போடுவது தணிகாசலத்தின் வேலை. அதைக் கற்றுக்கொடுத்தவள் ஜெசிந்தா. வயதில் அவனுக்கு இளையவள், வித்தையில் குரு.

அன்று காலை கிணற்றில் மணல் இறங்கப் போகிறது. அடைக்காது என்று சொன்னது அவன் கணக்கு.

“எப்போலேருந்து கொட்டுது?”

“கணக்கு முடிஞ்சதுலேருந்து. முதல்ல செருப்புல. அப்புறம் தலையணைல. இன்னைக்கு இட்லில.”

“கேன்டீன் இட்லியா?”

“ஆமா.”

“அதுல எப்பவும் இருக்கும் சார்.”

அவன் சிரிக்கவில்லை. தும்மினான். மேசைமேல் ஒரு பிடி மணல் விழுந்தது.

ஜெசிந்தாவின் முகம் மாறியது.

“கணக்குல எவ்வளவு மணல் உள்ளே விட்டீங்க?”

“நூறு பங்கு.”

“கடைசில பிளவுக்குள்ள எவ்வளவு இருந்துச்சு?”

அதை அவன் பார்த்ததே இல்லை. இப்போது கூட்டிப் பார்த்தான்.

“எண்பது.”

“மிச்சம்?”

“ஒரு இடத்துல கொள்ளாத அளவுக்கு மணல் சேர்ந்தா கணக்கு பாதில நின்னுடுது மேடம். எத்தனை தடவை ஓட்டினாலும் நின்னுடுது. அதான் ஒரு வரி சேர்த்தேன். கொள்ளாததை அழிச்சிடுன்னு.”

“அழிஞ்சுதா?”

“கணக்கு ஜோரா ஓடுச்சு.”

“நான் மணலைக் கேட்டேன்.”

அவன் சட்டைக் கையிலிருந்து சரசரவென்று இறங்கியது.

“அந்த வரியை எடுத்துட்டு ஓட்டுங்க.”

ஓட்டினான். திரையில் மணல் பிளவை நோக்கிப் பாய்ந்தது. வாயருகே தயங்கியது. குவிந்தது. கதவு சாத்தியதுபோல் அடைத்தது. அழுத்தம் ஏறியது. இன்னும் ஏறியது.

கணக்கு நின்றது.

“பாத்தீங்களா மேடம்? நின்னுடுச்சு. இதுக்குப் பயந்துதான்...”

வெளியே கிணற்றடியில் பம்பு உறுமத் தொடங்கியது. குழாயருகே ஆட்கள் பீடியைக் கைமாற்றிக்கொண்டு நிற்பது ஜன்னலில் தெரிந்தது.

“இங்கே நின்னுடுச்சு” என்றாள் ஜெசிந்தா. “அங்கே?”

தணிகாசலம் வாசலைத் தேடவில்லை. ஜன்னல் வழியாகவே குதித்தான்.

“நிறுத்துங்கடா! என் கணக்கு பொய்!”

குழாயருகே நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள்.

இவ்வளவுதான். யாராவது கேட்டால் பஸ்ஸில் எவனோ பேசிக்கொண்டு வந்தான் என்று சொல்லுங்கள். என்னை உங்களுக்குத் தெரியவே தெரியாது.