சாமிக்கு வந்த கோபம்

பவானி ஆற்றங்கரையில் சின்னதாக ஒரு மடம். அங்கே அம்பலவாண சாமி என்று ஒருவர் இருந்தார். நாற்பது வயதுகூட ஆகாதவர். அவரிடம் பாடம் கேட்க வருகிறவர்களில் பலர் அவரைவிட மூத்தவர்கள்.

வசந்தாமணியும் அப்படித்தான். பேரன் பேத்தி எடுத்தவள். கணவர் தவறிய பிறகு அப்பா நாச்சிமுத்துவைத் தன் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்கு ஞாபகம் மங்கி வருஷக்கணக்காகிறது. மகளையே யாரென்று கேட்பார். வாயில் ஊட்டிய சோற்றை அவள் மேலேயே துப்புவார். அவர் அசந்து தூங்கும் நேரத்தில்தான் அவள் பாடத்துக்கு வருவாள்.

"பெத்தா வசந்தாமணி மாதிரிப் பொண்ணைப் பெக்கோணும்" என்று ஊரில் சொல்வார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு மூச்சு முட்டும்.

ஒரு நாள் பாடம் முடிந்து எல்லோரும் எழுந்து போன பிறகும் அவள் உட்கார்ந்தே இருந்தாள்.

"சாமி, நேத்து அப்பாவை அடிச்சுப்போட்டனுங்க."

சாமி அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"குளிக்க வைக்கறப்ப கையைக் கடிச்சுட்டாரு. முதுகுல ஓங்கி ஒண்ணு வெச்சுட்டேன். அதுகூடப் பரவால்லீங்க. இவரு போய்ச் சேர்ந்தாத் தேவலைன்னு மனசு சொல்லுச்சு. இத்தனை வருசம் உங்ககிட்டப் பாடம் கேட்டு என்னங்க பிரயோசனம்? பொறுமை எப்படிங்க வரும்?"

சாமி எழுந்து அவளோடு வாசல்வரை வந்தார்.

"நாளைக்குக் காலைல நான் உங்க வீட்டுக்கு வர்றேன். நீங்க எங்கியாச்சும் போயிட்டு சாயங்காலமா வாங்க."

"அவரை விட்டுட்டு எங்கீங்க போறது?"

"எங்கியாச்சும்."

மறுநாள் சாமி சொன்னபடியே வந்தார். அப்பாவுக்கு எதைக் கரைத்து ஊட்ட வேண்டும், எப்படித் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வசந்தாமணி பஸ் ஏறினாள். போக ஓர் இடமும் தோன்றவில்லை. பஸ் நின்ற இடத்தில் இறங்கினாள். ஓட்டலில் சுடச்சுட ஒரு தோசை சாப்பிட்டாள். எச்சில் கையோடு பாதியில் எழுந்து ஓட வேண்டியிருக்கவில்லை. கோயில் மண்டபத்துத் தூணில் சாய்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள். விழித்ததும் பயம் பிடித்துக்கொண்டது. அடுத்த பஸ்ஸிலேயே திரும்பினாள்.

சாமி வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். காவி வேட்டியெல்லாம் ரசக்கறை. முகம் வாடிக் கிடந்தது.

"அப்பா எங்கீங்க?"

"இப்பத்தான் கண்ணசந்தாரு."

"சாப்பிட்டாருங்களா?"

"பாதி சாப்பிட்டாரு. மீதி என் மேல."

வந்த சிரிப்பை அவள் அடக்கிக்கொண்டாள்.

"திட்டினாருங்களா?"

"மாட்டை எங்கடா ஓட்டிட்டுப் போனே, திருட்டுப் பயலேன்னாரு. நல்லபடியாச் சொன்னேன். மறுபடியும் கேட்டாரு, மறுபடியும் சொன்னேன். மத்தியானத்துக்கு மேல சத்தம் போட்டுட்டேன். அப்புறம் கையையும் ஓங்கிட்டனுங்க."

வசந்தாமணி அவரையே பார்த்தாள். மடத்தில் அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை.

"நீங்களா சாமி?"

"நான்தான்."

"அடிச்சீங்களா?"

"இல்லை."

"கோவத்தை எப்படிங்க அடக்குனீங்க?"

"எங்க அடக்குனேன்? சாயங்காலம் நீங்க வந்துருவீங்கன்னு நெனப்பு வந்துச்சு. கை தன்னால எறங்கிருச்சு."

அவள் படியில் அவருக்குக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு அப்படி யாரும்மா வர்றாங்க?" என்று சாமி கேட்டார்.

"திருப்பூர்ல தம்பி இருக்கானுங்க, கதிர்வேலு. மாசத்துல பாதி நான் பாத்துக்கறேங்க்கான்னு வந்து கேட்டான். நான்தான் வேண்டாம்னுட்டேன். இப்பப் போயி அவனைக் கூப்பிட்டா, பெத்த அப்பனை வசந்தாமணியால பாக்க முடியலைன்னு ஊரு சொல்லுமுங்க."

"சொன்னாச் சொல்லட்டும். மடத்துச் சாமியால ஒரு பகலே முடியலைன்னு நீங்க சொல்லுங்க."

இந்தத் தடவை சிரிப்பை அவளால் அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே இருந்தவளுக்குக் கண்ணீரும் சேர்ந்து வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டுப் போனை எடுத்தாள்.

தம்பி பதறிப்போய்ப் பேசினான். "என்னக்கா? அப்பாவுக்கு என்ன ஆச்சு?"

"அப்பாவுக்கு ஒண்ணுமில்லை கண்ணு. அவரு நல்லாத்தான் இருக்காரு. எனக்குத்தான்டா முடியலை."

மறுமுனையில் கதிர்வேலு மெதுவாகச் சொன்னான், "ஞாயித்துக்கிழமை வண்டியோட வர்றேங்க்கா. இதைக் கேக்கறதுக்குத்தான் இத்தனை நாளாக் காத்துட்டிருந்தேன்."

உள்ளே கட்டில் முனகியது. அப்பா விழித்துக்கொண்டு யாரையோ அதட்டினார். வசந்தாமணி போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு எழப்போனாள்.

அதற்குள் சாமி எழுந்து வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார்.

"நீங்க பேசுங்க" என்றார். "நான் பாத்துக்கறேன்."