வட்டம் கூடாது

முன்னொரு காலத்தில் மயிலாங்குறிச்சி நாட்டை அதிரவர்மன் என்று ஒரு ராசா ஆண்டார். ஆண்டார் என்றா சொன்னேன்? ஆட்டிவைத்தார்! காலைத் தூக்கம் கெடுகிறதென்று, சேவல்கள் இனி மத்தியானம்தான் கூவ வேண்டும் என்று உத்தரவு போட்ட மகானுபாவர் அவர். சேவல் கேட்குமா? உத்தரவு மட்டும் இன்றுவரை ரத்தாகவில்லை.

அவர் நாட்டு வெள்ளிக்காசில் ஒரு பக்கம் மயில், மறுபக்கம் அவருடைய திருமுகம். ஆற்றுக்கு அக்கரை நாட்டுக் காசில் ஆமை. இரண்டு நாட்டாரும் கூடுகிற வெள்ளிக்கிழமைச் சந்தையில் உட்கார்ந்து காசு மாற்றிக் கொடுப்பவள் தையல்நாயகி. புருஷன் போன பிறகு இரண்டு பெண்களையும் அந்தக் கடையை வைத்துத்தான் வளர்த்துக்கொண்டிருந்தாள்.

அவளைக் கண்டாலே ஒருவருக்கு வயிறு எரியும். காசு அடிக்கும் அக்கசாலைக்கு அதிகாரியான பூதலிங்கம்தான் அவர். பின்னே, அவர் அடித்த காசைக் கல்லில் தட்டிப் பார்த்துவிட்டுத்தானே அவள் வாங்குவாள்! ஒருநாள் அவளைச் சபைக்கு இழுத்து வந்து நிறுத்திவிட்டார்.

“மகாராசா! ஒன்றுக்கு ஒன்று கொடுக்காமல், இவள் ஓர் ஆமைக்கு மூன்று மயில் கேட்கிறாள். தங்கள் திருமுகத்துக்கு வட்டம் பிடிக்கிறாள்!”

“என்னது, என் முகத்துக்கா?” ராசா கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். “அதென்ன வட்டம்?”

தையல்நாயகி கும்பிட்டாள். ஆனாலும் வாய் தயங்கவில்லை. “சாமி, ஒரு காசைக் கொடுத்து இன்னொரு காசை வாங்கும்போது மட்டமான காசுக்குக் கழிக்கிற கழிவு. அதைத்தான் நாங்கள் வட்டம் என்போம்.”

“என் காசு மட்டமா? எங்கள் அப்பா காலத்தில் ஒன்றுக்கு ஒன்றுதானே கொடுத்தார்கள்? இந்த நிமிஷம் முதல் என் நாட்டில் வட்டம் கூடாது! மீறினால் நாட்டை விட்டே துரத்துவேன்!”

தையல்நாயகிக்குப் பகீரென்றது. ஒன்றுக்கு ஒன்று கொடுத்தால் அரை நாளில் கடை காலி. கொடுக்காவிட்டால் பெண்களை அழைத்துக்கொண்டு எந்த ஊருக்குப் போவது? பூதலிங்கம் மீசையை நீவியதைப் பார்த்ததும் பயம் போய் அவளுக்குக் கோபம் வந்தது.

“வட்டமே கூடாதா, சாமி?”

“கூடாது!”

“எந்த வட்டமும்?”

“எந்த வட்டமும்!”

“அப்படியே ஓலையில் எழுதி முத்திரை வையுங்கள். தப்பு செய்தவள் நான்தானே? நானே தமுக்கடித்து ஊருக்குச் சொல்கிறேன்.”

ராசாவுக்கு ஒரே குஷி. அவளுக்குத் தமுக்கும் கிடைத்தது, ஓலையும் கிடைத்தது.

தையல்நாயகி நேரே போனது அரண்மனைச் சமையற்கட்டுக்கு. “மகாராசா உத்தரவு! எந்த வட்டமும் கூடாது!” பரிசாரகர் பதறிப்போய் அப்பளத்தை முக்கோணமாக நறுக்கினார். இட்லிக் கொப்பரையைக் கவிழ்த்தார். அங்கிருந்து தேர்க்கொட்டிலுக்குப் போனாள்; சக்கரங்கள் கழன்றன. அந்தப்புரத்தில் ராணியம்மா நெற்றிப்பொட்டை அழித்துக் கோடு இழுத்துக்கொண்டு, புருஷன்மேல் கோபமாகக் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் ராசா சபைக்கு வந்தபோது தலைக்கு மேலே பிடிக்கும் வெண்கொற்றக்குடையைக் காணோம்.

“குடை எங்கேடா?”

“வட்டமாக இருந்ததே, மகாராசா!” என்றான் குடைபிடிப்பவன்.

“கூப்பிடு அவளை!”

தையல்நாயகி வந்தாள். கையில் ஒரு நீளக் கயிற்றுச் சுருள்.

“என்ன கூத்து இது? பசி உயிர் போகிறது. ராணி முகங்கொடுத்துப் பேசவில்லை!”

“சொன்ன சொல்லைத்தான் செய்தேன், சாமி. காசு ஒன்றுதான் பாக்கி. அதுவும் வட்டம்தான். ஆனால் என் வட்டத்தைத் தடுத்துவிட்டால் காசு நல்ல காசாகிவிடுமா? இதைக் கொஞ்சம் பாருங்கள்.”

கயிற்றை விரித்தாள். ஓர் ஆமைக்கு எத்தனை மயிலோ, சந்தைக்குச் சந்தை அத்தனை குன்றிமணி கோத்து ஒரு முடிச்சு. அவள் மாமியார் தொடங்கிய கயிறு அது.

“இது தங்கள் அப்பா காலம். ஒன்று, ஒன்று, ஒன்று. இது வெள்ளம் வந்த வருஷம். அக்கரையில் நெல் வாங்கினோம், இரண்டாச்சு. மறுவருஷம் விளைந்தது, பழையபடி ஒன்று. தாங்கள் பட்டம் கட்டிய நாளிலும் ஒன்றுதான், சாமி!”

ராசா முகம் மலர்ந்தது. விரல் கயிற்றில் நகர்ந்தது. இரண்டு. அப்புறம் மூன்று. அப்புறம் மூன்றாகவே வந்தது.

“இந்த இடத்தில் வெள்ளமா?”

“இல்லை, சாமி. நல்ல விளைச்சல்.”

ராசா முடிச்சுகளைப் பின்னோக்கி எண்ணினார். மூன்று வருஷம். மூன்று சித்திரை. நிமிர்ந்து பூதலிங்கத்தைப் பார்த்தார். “ஓய், உமக்கு அக்கசாலையைக் கொடுத்தது எப்போது?”

“மூன்று... மூன்று சித்திரைக்கு முன்னால், மகாராசா.” தையல்நாயகி ராசாவின் அப்பா காலத்துக் காசு ஒன்றைத் தரையில் போட்டாள். ‘கிண்’ணென்றது. புதுக்காசைப் போட்டாள். ‘டொக்’.

“அது... தரை ஈரம், மகாராசா,” என்றார் பூதலிங்கம். சபையே சிரித்துவிட்டது. ராசா மட்டும் சிரிக்கவில்லை.

“என் முகத்துக்குப் பின்னால் செம்பை ஒளித்தது நீ. அதைச் சொன்னவளை நான் துரத்தப் பார்த்தேனே!” ராசா எழுந்து நின்றார். “ஒன்றுக்கு ஒன்றுதானே கேட்டாய்? இனி சந்தையில் உட்கார்ந்து, உன் மட்டக்காசு ஒவ்வொன்றுக்கும் நீ பதுக்கிய வெள்ளியில் அடித்த நல்ல காசு ஒன்று கொடு. இந்த அம்மா தட்டிப் பார்த்துச் சரி என்ற பிறகுதான் நீ எழுந்திருக்கலாம்!”

ஆடி மாதம் கயிற்றில் மூன்று மணி இரண்டாகக் குறைந்தது. தை பிறந்த முதல் சந்தைக்கு ராசாவே குடையோடு வந்து கடைமுன் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

“இன்று எவ்வளவு வட்டம், அம்மா?”

“வட்டமே இல்லை, சாமி. ஒன்றுக்கு ஒன்று.”

ராசா ஒற்றைக் குன்றிமணியைக் கோத்து, தன் கையாலேயே முடிச்சுப் போட்டார். “பார்த்தாயா? வட்டம் கூடாது என்றேன், என் உத்தரவு கடைசியில் நிறைவேறிவிட்டது!”

“ஆமாம், சாமி,” என்றாள் தையல்நாயகி, சிரிப்பை அடக்க முடியாமல். “இனி அந்தச் சேவல் உத்தரவுதான் பாக்கி.”