தொடை யாருக்கு?

கச்சின் மலையில் ஊர்த்தலைவனை துவா என்பார்கள். மலைத் தெய்வங்களுக்கு எது பலியானாலும் அதில் ஒரு பின்னந்தொடை துவாவுக்குச் சேரவேண்டும்.

ஒரு துவா, கீழே பள்ளத்தாக்கில் சாவ்பா எனப்படும் ஷான் ராஜாவின் பவிசைப் பார்த்துவிட்டு வந்தான். அன்று முதல் தலைகால் புரியவில்லை. பட்டுத் தலைப்பாகை கட்டிக்கொண்டு, "மலைத் தெய்வமெல்லாம் இனி எனக்கு எதுக்கு? நானும் ஷான் ராஜா மாதிரி சாவ்பாதான். என்னை எவனாவது துவான்னு சொன்னா ஊரைவிட்டே துரத்துவேன்!" என்றான்.

அந்த வாரமே ஜா ரோய் என்பவள், காய்ச்சலில் கிடந்த கைக்குழந்தைக்காகத் தன் ஒரே எருமையைப் பலி கொடுத்தாள். பிள்ளை பிழைத்தது. தொடை மட்டும் போய்ச் சேரவில்லை. சேவகர்கள் அவளைப் பிள்ளையோடு இழுத்து வந்தார்கள். ஊரே கூடிவிட்டது.

"தொடை எங்கேடி? வழக்கத்தை மீறினா இந்த மலையில உனக்கு இடமில்லை, தெரியுமில்ல?"

"தெரியும் சாவ்பா. ஆனா பலித்தொடை யாருக்குச் சேரணும்? உங்க வாயாலேயே சொல்லிடுங்க, இப்பவே கொண்டாந்துடறேன்."

"இதுகூடத் தெரியாதா? துவாவு..." என்றவன் பாதியில் வாயைப் பொத்திக்கொண்டான்.

"ஐயையோ, மெதுவாங்க! சாவ்பா காதுல விழுந்தா உங்களைத் துரத்திடுவாரு" என்றாள் ஜா ரோய்.

கூட்டம் வயிறு வலிக்கச் சிரித்தது.

அதன்பிறகு ஊரார் அவனை மறக்காமல் சாவ்பா என்றே மரியாதையாகக் கூப்பிட்டார்கள். தொடையை அவரவர் வீட்டிலேயே சமைத்துக்கொண்டார்கள்.