ஏழாம் லைன் கட்டம்

காட்டுச் சூரியகாந்தி மலையில் எங்கெங்கே பரவியிருக்கிறதென்று வரைபடம் போடும் இன்பவல்லிக்கு வயது முப்பத்தாறு. அவளிடம் வேலை பழக வந்த பிரகாசியம்மாளுக்கு ஐம்பத்துநாலு. குருவைவிடச் சிஷ்யைக்கு மூட்டுவலி அதிகம்.

முதல் நாளே பாடம் சொல்லியாயிற்று. படம் முழுக்கக் கட்டங்கள். செடியைக் கண்ணால் பார்த்தால் கரும்புள்ளி. நடந்து தேடியும் இல்லையென்றால் வட்டம். போகாத இடம் வெறுமையாக இருக்க வேண்டும். இல்லை என்பதையும் போகவில்லை என்பதையும் பிரித்துக் காட்டாத படத்தை அடுப்பில் போடலாம் என்பாள் இன்பவல்லி.

பிரகாசியம்மாள் நான்கு மாதம் அலைந்தாள். ரோட்டோரம், ஓடைக்கரை, கைவிட்ட தேயிலைச் சரிவு, எங்கும் மஞ்சள். சோலைக்காட்டுக்குள் மட்டும் ஒன்றுகூட இல்லை. கடைசியில் படத்தைக் கொண்டுவந்து நீட்டினாள்.

இன்பவல்லியின் விரல் ஒரு கட்டத்தில் நின்றது. மேலே ரோட்டோரக் கட்டத்திலும் கீழே ஓடைக்கரைக் கட்டத்திலும் கரும்புள்ளி. அதில் மட்டும் வட்டம்.

"இங்கே போனீங்களாம்மா?"

பிரகாசியம்மாள் படத்தை மடிக்கப் போனாள்.

அது ஏழாம் லைன், தேயிலைத் தோட்டத்து ஆட்களின் வீட்டு வரிசை. மூன்று வருஷம் முன்பு மலை சரிந்து வீடுகளை மூடிய இடம். காய்ச்சலோடு வேலைக்குப் போக வேண்டாம், படுத்துக்கொள் என்று மகள் பெனிட்டாவை அன்று வீட்டில் நிறுத்தியவள் பிரகாசியம்மாள்தான். மீட்புப் படையினர் பத்து நாள் தோண்டிவிட்டு, 'தேடியும் கிடைக்கவில்லை' என்று ஒரு காகிதத்தைக் கையில் திணித்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு அவள் அந்தப் பக்கம் காலெடுத்து வைக்கவில்லை.

"அவங்க வட்டம் போட்டுட்டுப் போகலையா டீச்சர்? நான் போட்டா மட்டும் தப்பா?"

படித்தவர்கள் வழக்கமாக இந்த இடத்தில் பொன்மொழி எதையாவது எடுத்து விடுவார்கள். இன்பவல்லி குடையை எடுத்துக்கொண்டு நடந்தாள். பிரகாசியம்மாள் முனகிக்கொண்டே பின்னால் போனாள்.

சரிவின் தலைமாட்டில் நின்றார்கள். கீழே ஆளுயரத்துக்குச் சூரியகாந்தி. இரண்டு பக்கமும் பழைய காடு. அதில் ஒரு பூ இல்லை. தோண்டிய எல்லைக்கு நட்ட இரும்புக் கம்பங்கள் பாதித் தூரத்தில் துருப்பிடித்து நின்றன. மஞ்சள் அவற்றைத் தாண்டி ஓடைவரை போயிருந்தது.

"யார் விதைச்சது?"

"யாரும் விதைக்கலை. புரண்ட மண் எதுவரைக்கும் இருக்கோ, இது அதுவரைக்கும் வரும்."

பிரகாசியம்மாள் கம்பங்களைப் பார்த்தாள். அவற்றுக்குக் கீழே இருந்த மஞ்சளைப் பார்த்தாள். அங்கேயே உட்கார்ந்து படத்தை மடியில் விரித்து, வட்டத்தை அழித்தாள். ரப்பர் தூளை ஊதக்கூட மூச்சு வரவில்லை.

"புள்ளி வைக்கட்டுமா டீச்சர்?"

"செடிக்கு வைங்க."

"என் பிள்ளைக்கு?"

இன்பவல்லி குடையை அவள் பக்கமாகச் சாய்த்தாள்.

"ஒண்ணும் வைக்காதீங்கம்மா. கம்பத்தைத் தாண்டி இன்னும் யாரும் போகலை."