வச்சிரபாகு ராஜா காற்று வாங்கப் போன கதை

அட, சலசலக்காமல் கேளுங்கள். இது நடந்தபோது உங்கள் கொள்ளுத்தாத்தாவின் கொள்ளுத்தாத்தாகூடப் பிறக்கவில்லை. மருதங்காடு என்றொரு நாடு. அதை ஆண்டவன் வச்சிரபாகு. பெயரில்தான் வச்சிரம், உடம்பெல்லாம் வெண்ணெய். படுக்கையிலிருந்து சிம்மாசனம், சிம்மாசனத்திலிருந்து சாப்பாட்டு மண்டபம், அங்கிருந்து மறுபடி படுக்கை. அவன் நடந்த நடையெல்லாம் அவ்வளவுதான்.

ஒரு நாள் அவனுக்கு அரண்மனை புளித்துப்போனது. "காட்டுப் பக்கம் கொஞ்சம் காற்று வாங்கப் போகிறேன். புல்வெளி என்றால் எனக்கு உயிர்" என்றான். புல்லை மிதித்தே அறியாதவன் சொல்கிறான், கேட்டுக்கொள்ளுங்கள்!

ராஜாவோடு மந்திரி, வைத்தியர், சோதிடர் மூவரும் பல்லக்கில் கிளம்பினார்கள். கூடவே மூன்று குதிரைகள். அவற்றில் முத்தழகி என்ற பெண்குதிரைமேல் ராஜாவுக்குக் கொள்ளைப் பிரியம். தாயில்லாக் குட்டியாக வந்ததை அவனே பால் புகட்டி வளர்த்தான். அவன் பிறந்து செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான். முத்தழகியும் அவன் கைக்குத்தான் அடங்கும். வேறு யார் கயிற்றைத் தொட்டாலும் உதைதான்.

மலையடிவாரத்து மேய்ச்சல் நிலத்துக்குக் கொம்பாயி என்பவள் காவல். மழை விட்டுப் புல் முழங்கால் உயரம் நின்றது. அவள் குதிரைகளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"லாயத்துல கொள்ளு தின்னு வளர்ந்த குதிரைங்க, மகாராஜா. முதல்ல வேலியோரமா ஒரு சுத்து நடத்திக் கூட்டிட்டுப் போங்க. இடம் பழகட்டும்."

"ராஜாவின் குதிரைக்கு வேலியைக் காட்டுவதா?" என்றான் ராஜா. மந்திரி சிரித்தார்.

"அப்புறம் காய்ஞ்ச புல்லைப் போட்டு வயித்தை ரொப்புங்க."

"விருந்துக்கு வந்தவரைப் பழையது தின்றுவிட்டு வரச் சொல்வதா?" மந்திரியும் வைத்தியரும் சிரித்தார்கள்.

"அதுக்கப்புறம் ஒரு நாழிகை மட்டும் மேய விடுங்க."

"பந்தியில் உட்கார்ந்தவரைப் பாதியில் எழுப்புவதா? போடி, பெரிய குதிரைக்காரி!" இப்போது மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ராஜா சொன்னால் சிரிக்காமல் இருந்து சம்பளம் வாங்க முடியுமா?

வெறும் வயிற்றோடு மூன்றையும் அவிழ்த்துவிட்டான் ராஜா. இரண்டு குதிரைகள் துள்ளி ஓடித் திரிந்தன. முத்தழகியோ மேயக் குனிந்த தலை நிமிரவில்லை. ராஜாவும் லேசுப்பட்டவனா? முழுப் பலாப்பழம் ஒன்று, ஒரு சட்டி அவித்த மொச்சை, ஒரு குடம் பால். "ஆகா, கிராமத்துச் சாப்பாடு!" என்று ஏப்பம் விட்டான்.

உச்சிப்பொழுதில் முத்தழகி தொப்பென்று விழுந்து புரண்டது. வயிறு பானையாக உப்பிக் கிடந்தது. வைத்தியர் சுவடியைப் பிரித்தார். சோதிடர் நேரம் குறித்தார். மந்திரி கையைப் பிசைந்தார். ராஜா மண்ணில் உட்கார்ந்து ஓவென்று அழுதான். அது மட்டும் நடிப்பில்லை.

கொம்பாயி ஓடிவந்தாள். "புரள விட்டா குடல் முறுக்கிக்கும். அப்புறம் உசிரு தங்காது. எழுப்பி நடத்தணும். பிடிங்க கயித்தை."

"நானா? எனக்கே வயிறு என்னவோ செய்கிறது…"

"உங்களுக்கும் அதே வைத்தியந்தான். நடங்க ராசா."

நடந்தான். முதல் சுற்றில் கிரீடத்தைக் கழற்றிப் போட்டான். இரண்டாம் சுற்றில் செருப்பு அறுந்தது. மூன்றாம் சுற்றில் குதிரை மண்டி போட்டது. அவன் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "எழுந்திரு தாயே, என் திமிருக்கு நீ சாகாதே" என்று கெஞ்சினான். அது தள்ளாடி எழுந்தது. அதற்குப் பிறகு எத்தனை சுற்று என்று யாரும் எண்ணவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் முத்தழகி வாலைத் தூக்கியது. பொத்துப் பொத்தென்று லத்தி போட்டது.

"போட்டுவிட்டாள்! என் செல்லம் போட்டுவிட்டாள்!" என்று ராஜா குதித்தான் பாருங்கள், இளவரசன் பிறந்தபோதுகூட அப்படிக் குதிக்கவில்லை. வயிறு அவனுக்கும் லேசாகிவிட்டது.

"என் சுவடி வீண்போகுமா?" என்றார் வைத்தியர். "நான் குறித்த நேரமல்லவா!" என்றார் சோதிடர். "எல்லாம் மகாராஜாவின் மதிநுட்பம்!" என்றார் மந்திரி.

ராஜா அவர்களைப் பார்க்கவே இல்லை. "கொம்பாயி, இனி என்ன செய்யவேண்டும்? சொல், கேட்கிறேன்" என்றான்.

"இவங்க மூணு பேரையும் ஊருக்கு அனுப்புங்க ராசா. நோவு கண்ட குதிரைகிட்ட வெட்டிக் கூச்சல் ஆகாது."

மூவரும் பல்லக்கை நோக்கி விரைந்தார்கள். ராஜா கையை நீட்டித் தடுத்தான்.

"பல்லக்கு எதற்கு? நடந்தே போங்கள். எனக்கும் குதிரைக்கும் இறங்கிவிட்டது. உங்களுக்கும் இறங்கட்டும்."

புது இடத்துக்குப் போகிறவன் அந்த இடத்தை அறிந்தவர் சொல்லைச் சிரித்துத் தள்ளினால், அந்தச் சிரிப்புக்கு அவனை நம்பி வந்த உயிர்தான் முதலில் துடிக்கும்.