எந்த நாலு வீடு?

குளம் வறண்ட கோடையில், பானை வனையும் சடைச்சி கடைசிக் களிமண்ணை வெட்டிக்கொண்டிருந்தாள். உச்சிவெயிலில் அவள் நிழலுக்குப் பக்கத்தில், ஆளே இல்லாமல் இன்னொரு நிழல் வந்து விழுந்தது. பனங்காட்டு முனி!

"எனக்குப் பத்து மண்குதிரை செய். ஊருக்கு நாப்பது குடமும் செய். ஒண்ணு குறைஞ்சாலும் உன் உசிரு எனக்கு."

சடைச்சி வெட்டிய மண்ணைக் கண்ணால் அளந்தாள். ஊரில் நாற்பது வீடு. குடமில்லாமல் மூன்று கல் தொலைவிலிருந்து யார் தண்ணீர் சுமப்பது?

"மண்ணு நாப்பது குடத்துக்குத்தான் காணும் சாமி. ஒரு குதிரை செஞ்சா நாலு குடம் போச்சு. எந்த நாலு வீடு தாகத்துல சாகணும்னு நீங்களே சொல்லுங்க. சொல்லி முடிக்கிறவரைக்கும் என்னைத் தொடக்கூடாது."

"சரி. மேலத்தெரு நாலு வீடு."

"வெள்ளிதோறும் உங்களுக்கு விளக்கு வைக்கிறவங்க."

"அப்போ கீழத்தெரு."

"வருசாவருசம் உங்களுக்குக் கிடா வெட்டுறவங்க."

முனி வீடு வீடாக யோசித்தது. சடைச்சி மண்ணை அள்ளிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். நாற்பது குடமும் சூளையேறின.

மழை பெய்து குளம் நிரம்பிய பிறகும், உச்சிவெயிலில் பனங்காட்டில் ஒரு குரல் வீட்டுப் பேர்களையும் அவரவர் படையலையும் முனகிக்கொண்டிருந்தது. சடைச்சியும் ஒருநாள் கேட்டாள். அவள் பேர் வந்ததும், சொல்லப் படையல் ஏதுமில்லாமல் குரல் சற்றே நின்றது.

மறுநாளே அவள் முனிக்கு ஒரு சேவல் நேர்ந்துகொண்டாள்.